பெற்றோர் விண்ணப்பமும் பள்ளிக் கல்வியும்

மக்களைப் பெற்று வளர்த்தலோடு பெற்றோர் கடமை முடிந்துவிடுவதில்லை. அவர்க்கு அறிவு கொளுத்துதலும் நன்னெறி காட்டுதலும் பெற்றோர்க்கே உரிய முதற்கடனாம். அக்கடனிற் பெரும்பங்கைப் பள்ளிக்கூடத்து ஆசிரியரிடம் ஒப்படைத்தல் பண்டுதொட்டு வரும் வழக்கு. ஒப்படைத்தபின் பள்ளியில் யாது கற்பிக்கப்படினும் பெற்றோர் வாய்வாளாதிருத்தல் வேண்டுமோ? தம் சமயத்திற்கும் மனச்சான்றிற்கும் மாறாயவை புகட்டப்படுமாயின் அதனை எடுத்துரைக்கும் உரிமை அவர்க்கு உண்டோ? உண்டெனின், அவ்வுரிமை எம்மட்டிற் செல்லும். எவ்விடத்தில் நிற்றல் வேண்டும்? இவ்வினாக்கள் இந்நாளிற் பல தேசங்களிலும் எழுந்து நீதிமன்றங்கள்வரை செல்கின்றன. இவற்றிற்கு விடை காணச் சைவ மக்கள் நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் மதுரையிலும் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் நம் முன்னோர் இவ்வினாக்களை நேர்நின்று எதிர்கொண்டனர். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

முதற்கண் மதுரையை எடுத்துக்கொள்வோம். 1834ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சார்ந்த பாதிரிமார் யாழ்ப்பாணத்தினின்றும் மதுரைக்கு வந்து தம் பணியைத் தொடங்கினர். நகரத்திலும், திருமங்கலம், திண்டுக்கல் முதலாய ஊர்களிலும், வைகையைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களிலும் பள்ளிகள் எழுந்தன. 1842இல் திருமங்கலத்திற் றொடங்கிய அவர்தம் வித்தியாசாலை, 1845இல் மதுரைக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் இடைப்பட்ட பசுமலைக்கு மாற்றப்பெற்றது. 1881இல் ஆங்கே கல்லூரி வகுப்புக்கள் தோன்றின. அவையே பின்னர் நகரத்திற்குப் பெயர்ந்து அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தன. ஏழை மக்களுக்கும் பெண்மக்களுக்கும் எழுத்தறிவித்தலில் இப்பள்ளிகள் ஆற்றிய தொண்டு பெரிது. நன்றி மறவாத எவரும் அதனை மறுக்கத் துணியார்.

ஆயினும், இப்பள்ளிகளில் எழுத்தும் கணக்கும் கற்பிக்கப்பட்டதுபோலவே விவிலிய பாடமும் வினாவிடையும் செபமும் நாள்தோறும் நடைபெற்றன. சமயத்தைப் பரப்புதலே தம் நோக்கமென்பதைப் பாதிரிமார் ஒளித்தாரல்லர். மறைக்காது வெளிப்படக் கூறிய அவர்தம் நேர்மையைப் பாராட்டுதல் தகும். இடர்ப்பாடு பெற்றோர்பால் இருந்தது. மதுரையில் அரசாங்கத்தார் நிறுவிய ஜில்லாப் பள்ளி தோன்றியது 1856ஆம் ஆண்டிலேயாம். அதற்கு முன்னர், தம் மகன் ஆங்கிலம் கற்று உத்தியோகம் பெறவேண்டுமென விழைந்த சைவத் தந்தைக்கு மிஷன் பள்ளியன்றி வேறு புகலிடம் அரிது. அப்பள்ளியிற் சேர்த்தால் மகன் கல்வி பெறுவான். தந்தையின் சமயத்தை இழப்பானோ என்னும் அச்சம் உடன்வரும். சேர்க்காதொழிந்தால் சமயம் நிற்கும்; கல்வி போம். இவ்விரண்டினுள் ஒன்றனைத் தெரிந்தெடுக்க என்று ஒருவனை நெருக்குதல் அவனுக்கு விருப்பம் கொடுத்ததாகாது என்க.

இந்நெருக்கடி சென்னையில் வெளிப்படையாக வெடித்தது 1846ஆம் ஆண்டில். அப்பொழுது சென்னைக் கவர்னராயிருந்த டுவீடேல் பிரபு, அரசாங்கப் பள்ளியின் ஆங்கில வகுப்புக்களில் விவிலியத்தைப் பாடநூலாக வைத்தல் வேண்டுமெனக் குறிப்பெழுதினார். அவ்வகுப்பிற்குச் செல்லுதலும் செல்லாமையும் மாணாக்கர் விருப்பமென்று அவர் ஒரு சலுகையும் கூட்டினார். சலுகை இருக்கவும் நகரத்து இந்துக்கள் ஏன் கலங்கினர் என ஒருவர் வினவலாம். பள்ளி அரசாங்கத்தாருடையது, அதன் செலவு எல்லாச் சமயத்தாரும் இறுக்கும் வரிப்பணம், அப்பள்ளியிற் றேறியவர்க்கே அரசாங்க உத்தியோகம் எளிது. இந்நிலையில், ஆசிரியரும் அதிகாரியும் விரும்பும் வகுப்பினின்றும் பன்னிரண்டாண்டுச் சிறுவன் ஒருவன் தானே எழுந்து வெளியே செல்வான் என எதிர்பார்த்தல் பேதைமை. ஏட்டில் உள்ள விருப்பம் இருக்கையில் இருப்பதில்லை.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், 1842இற் றோன்றிய பச்சையப்பன் பள்ளியைச் சார்ந்த இடத்தில் இந்துக்கள் பெருங்கூட்டங் கூடினர். அதனை முன்னின்று நடத்தியவர் காஜுலு இலட்சுமிநரசு செட்டியார். 1844இல் 'கிரசென்ட்' என்னும் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கியவர். பின்னர் 1852இற் சென்னைச் சுதேசிச் சங்கத்தை நிறுவியவர். கூடியவர்கள் செய்தது யாது? பள்ளியைக் கொளுத்தினாரல்லர், ஆசிரியரை வைதாரல்லர், விவிலியத்தை இழித்துரைத்தாருமல்லர். தம் குறையை எழுதிக் கும்பினியின் இயக்குநர் சபையார்க்கு விண்ணப்பம் செய்து கொண்டனர். அரசாங்கம் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாய் நிற்கும் என்று கும்பினியார் தாமே முன்னர்க் கூறிய உறுதிமொழியை அவர்க்கு நினைப்பூட்டினர். 1847இல் இயக்குநர் சபையார் டுவீடேல் பிரபுவின் கருத்தை ஏற்க மறுத்துவிட்டனர். ஆள்வோர் வாக்கினையே ஆள்வோர்க்கு எடுத்துக்காட்டிய விண்ணப்பம் என்பதே அதன் வலிமை.

பின்னர் 1854ஆம் ஆண்டில் வந்த கல்விச் சாசனம் இதனை விதியாக வகுத்தது. சார்லசு உட் என்பார் பெயரால் வழங்கும் அச்சாசனம், அரசாங்கப் பள்ளிகளிற் கற்பிக்கப்படும் கல்வி சமயச் சார்பற்றதாதல் வேண்டும் எனக் கூறிற்று. விவிலியம் பள்ளி நூல்நிலையத்தில் இருக்கலாம். தானே விரும்பிக் கேட்கும் மாணாக்கனுக்கு ஆசிரியர் பள்ளி நேரத்தின் புறத்தே விளக்கலாம். தனியார் பள்ளிகட்கோ எனின், அவை எச்சமயத்தாருடையனவாயினும், உலகியற் கல்வி செவ்வனே நடைபெறின் நன்கொடை உண்டு. சமய போதனையைக் கண்காணிப்பாளர் நோக்கார். இவ்விதியால் ஒரு கதவு திறந்தது. ஒரு கதவு அடைபட்டது. அரசாங்கப் பள்ளியிற் பெற்றோர்க்கு அமைதி கிடைத்தது. நன்கொடை பெறும் மிஷன் பள்ளியிலோ கட்டாய விவிலிய வகுப்பைக் குறித்துப் பெற்றோர் முறையிடுதற்கு இடமில்லாதொழிந்தது. சமவெளிச் சிற்றூர் பலவற்றில் இருந்த ஒரே பள்ளி அதுவே என்பதை மறத்தலாகாது.

இனி, மதுரைக்குப் பாதிரிமாரை அனுப்பிய யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்ததை நோக்குவோம். 1842ஆம் ஆண்டு செப்டம்பரில் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலைச் சார்ந்த மடமொன்றிற் சைவர் ஏறத்தாழ இருநூற்றுவர் கூடினர். வேதமும் ஆகமமும் கற்பிக்கும் பள்ளியொன்றைத் தாமே நிறுவுதல் வேண்டுமென ஆராய்ந்தனர். அக்காலத்தில், 1822இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுகனார் என்னும் இளைஞர், வெசுலியன் மிஷனைச் சார்ந்த பேர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராயும் அமர்ந்து, பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைபுரிந்து வந்தார். பிறர் சமயநூலை நன்கு கற்றும் தம் நெறியில் வழுவாது நின்ற ஒருவர்க்கு அவர் சான்றாவர். 1847ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் அவர்தம் முதற் சைவப்பிரசங்கம் நிகழ்ந்தது. 1848இல் மிஷன் பள்ளி உத்தியோகத்தை விட்டு நீங்கினார். அவ்வாண்டிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிற்காலத்தில் நாவலர் எனப் போற்றப்பட்டவர் இவரே.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பள்ளியிற் கற்பிப்பது தகாதென்று கூறுதல் எளிது. தக்கது யாதென்று எழுதிக்காட்டுதல் அரிது. நாவலர் அரியதனைச் செய்தார். 1849இல் தமிழகம் போந்து அச்சியந்திரம் பெற்றுத் திரும்பினார். சிறுவர்க்குப் பாலபாடங்கள், சைவ வினாவிடை, இலக்கணச் சுருக்கம், பெரியபுராண வசனம் எனப் பாடநூல்களைத் தாமே வரைந்து அச்சிட்டார். மிஷன் பள்ளியிற் றாம் கண்ட வரிசைப்படுத்திய பாடநூல், வினாவிடை முறை, வகுப்பொழுங்கு, எளிய உரைநடை ஆகியவற்றைப் பாதிரிமாரிடமிருந்தே கற்றுச் சைவத்திற்கு ஆக்கிக்கொண்டார். 1864இற் சிதம்பரத்திலும் அப்பெயராலேயே ஒரு வித்தியாசாலை கண்டார். சென்னையார் விண்ணப்பம் செய்தனர். வண்ணார்பண்ணையார் பள்ளி கட்டினர். விண்ணப்பம் ஒரு கேட்டினைத் தடுக்கும்; பள்ளியே ஒரு நலத்தை ஆக்கும். இரண்டும் வேண்டப்படுவனவேயாம்.

ஆனாற் பள்ளி கட்டுதல் ஊர்கூடிச் செய்யும் செயல். கையிற் பொருளும் துணைக்கு ஆளுமில்லாத தனித்த தந்தை யாது செய்வான்? இவ்வினாவை முதன்முதல் அரசாங்க அளவில் ஆராய்ந்தது 1882ஆம் ஆண்டின் கல்விக் குழுவாகும். ஹண்டர் என்பார் தலைமையில் அமைந்த அக்குழு, ஓரூரில் ஒரு தரத்ததாய பள்ளி ஒன்றே இருந்து, அதிற் சமய போதனையும் பாடமாயிருப்பின், பெற்றோர் தம் மக்களை அப்போதனையினின்றும் விலக்கிக்கொள்ளலாம். அதனாற் பள்ளியின் பிற நலங்களை அவர் இழத்தலாகாது எனப் பரிந்துரைத்தது. நல்ல விதியே. ஆயின் அதனோடு மற்றொன்றும் கூட்டியது: மகனைச் சேர்க்கும்போதோ, பின்னர் ஒரு பருவத் தொடக்கத்திலோ பெற்றோர் தம் கருத்தை அறிவித்தாலன்றி, அவர் முழுப்பாடத்திற்கும் உடன்பட்டாராகவே கொள்ளப்படுவர் என்பதே அது.

இவ்விரண்டாம் பகுதியிலேயே நுட்பம் இருக்கின்றது. வாய்வாளாமை உடன்பாடாகுமோ? கற்றறிந்த வழக்கறிஞர் ஒருவர் மதுரை நகரத்தில் தலைமையாசிரியரிடம் சென்று தம் கருத்தை அறிவித்தல் கூடும். மேலூர்ப் பக்கத்து எழுத்தறியாத உழவன் ஒருவன், தன் மகனுக்கு எழுத்தறிவிக்கும் ஒரே பள்ளியின் ஆசிரியர்முன் நின்று, இதனைக் கற்பியாதீர் என்று சொல்லத் துணிவானோ? பேச அஞ்சுவோன் பேசாமையை உடன்பாடென எழுதிக்கொள்ளுதல் நீதியன்று. அக்குழுவின் பரிந்துரையும் அந்நாளிற் சென்னை மாகாணத்தில் விதியாய் நிலைபெறவில்லை. 1910ஆம் ஆண்டினைத் தொடர்ந்த காலத்திலும் மகாகனம் சீநிவாச சாஸ்திரியார் முதலியோர் மனச்சான்று விதி வேண்டுமென வாதிக்க நேர்ந்தது.

முடிவான விடை 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியற் சட்டத்தின் 28ஆம் பிரிவிற் கிடைத்தது. முழுவதும் அரசாங்கப் பொருளால் நடைபெறும் கல்விநிலையத்திற் சமய போதனை கூடாது. அரசாங்கத்தின் ஏற்போ உதவிப்பொருளோ பெறும் எப்பள்ளியிலும், ஒருவனைச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தலாகாது. அவனே உடன்பட்டாலன்றி, அவன் இளையனாயின் அவன் காப்பாளர் உடன்பட்டாலன்றி அது செல்லாது. 1882ஆம் ஆண்டின் குழு, மறுத்துரையாதவன் உடன்பட்டவன் என்றது. 1950ஆம் ஆண்டின் சட்டம், உடன்பட்டுரையாதவன் உடன்படாதவன் என்றது. சொல்லளவிற் சிறிய இம்மாற்றத்திற்குள் நூறாண்டின் விண்ணப்பங்கள் அடங்கியுள்ளன. பேச அஞ்சிய உழவனுக்காகச் சட்டமே பேசத் தலைப்பட்டது.

இனி உரிமையின் எல்லையை ஆராய்வாம். பிற சமயத்தைப் பற்றிய செய்தி எதுவும் தன் மகன் செவியிற் புகலாகாது எனச் சைவத் தந்தை ஒருவர் பள்ளிக்கு எழுதுவாராயின், அவர்க்கு நம் நூல்களே துணை நில்லா. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இரண்டு பகுதியாக வகுத்தார். பரபக்கத்தில் உலகாயதம் முதலாகப் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு கொள்கைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதனதன் ஆசிரியர் கூற்றாகவே முதலில் நிறுத்திப் பின்னரே மறுத்தார். அதன்பின்னரே சுபக்கம் தொடங்கும். உமாபதி சிவாசாரியாரும் சங்கற்ப நிராகரணத்தில் இவ்வாறே பிறர் கொள்கையை எடுத்தாராய்ந்தார். பிறர் கொள்கையை அறியாது தன் கொள்கையிற் றெளிவு பெறுதல் இயலாது என்பதே சித்தாந்த ஆசிரியர் கருத்து. ஆதலின், அறிவித்தல் வேறு. வழிபடச் செய்தல் வேறு. முன்னதைச் சைவன் அஞ்சான், பின்னதற்கு உடன்படான்.

நீதிமன்றங்களும் இவ்வேறுபாட்டையே கண்டன. பள்ளிப் பாடத்திட்டத்திற் பல சமயங்களைப் பற்றிய கல்வி சேர்க்கப்பட்டதை எதிர்த்து எழுந்த வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டில், சமயங்களைப் பற்றிக் கற்பித்தல் 28ஆம் பிரிவு விலக்கும் சமய போதனையாகாது எனத் தீர்ப்பளித்தது. தென்மார்க்கு நாட்டிற் பாலியற் கல்வியைக் கட்டாயப் பாடமாக்கியதை எதிர்த்துச் சில பெற்றோர் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1976ஆம் ஆண்டில், செய்தியைச் சார்பின்றிப் பல பக்கமும் நோக்கி ஆராய்ச்சி முறையிற் கற்பித்தால் அது குற்றமன்று. பெற்றோரின் சமய நம்பிக்கையை மதியாது ஒரு கொள்கையைப் புகட்டுதலே குற்றம் எனக் கூறிற்று. பரபக்கத்தையும் சுபக்கத்தையும் பயின்றார்க்கு இவ்வேறுபாடு புதிதன்று.

மற்றோர் எல்லையும் உண்டு. அதனைச் சொல்லுதல் நமக்கு இனிதன்று; ஆயினும் சொல்லாது விடுதல் வரலாற்றுக்கு வஞ்சனையாகும். யாழ்ப்பாணத்தில் 1929, 1930ஆம் ஆண்டுகளில், நன்கொடை பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிச் சிறாரும் சமமான ஆசனத்தில் அமர்தல் வேண்டும் என்னும் கட்டளை வந்தது. அதுகாறும் தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறார் தரையிலும் வகுப்பின் புறத்தேயும் இருத்தப்பட்டனர். அக்கட்டளையை நீக்குமாறு உயர்சாதியார் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் செய்தனர். பள்ளிகள் சில தீக்கிரையாயின. விண்ணப்பம் செய்தோர் திருநீறணிந்த சைவரே. தம் மக்கள் நலத்தையும் ஊர் வழக்கத்தையுமே காரணமாகக் காட்டினர். 1846ஆம் ஆண்டின் சென்னை விண்ணப்பமும் பெற்றோர் விண்ணப்பம்; இதுவும் பெற்றோர் விண்ணப்பம். ஒன்றனைப் போற்றி மற்றொன்றனைப் பழித்தற்கு அளவுகோல் யாது?

அளவுகோல் இதுவே. சென்னையார் தம் மகன் மனச்சான்றைக் காத்துத் தருக என்று கேட்டனர். யாழ்ப்பாணத்தார் பிறன் மகன் இருக்கையைப் பறித்துத் தருக என்று கேட்டனர். தன் மகனை ஒரு பாடத்தினின்றும் விலக்கிக்கொள்ளுதல் தந்தையின் உரிமை. பிறர் மகனை ஆசனத்தினின்றும் கல்வியினின்றும் விலக்குதல் எத்தந்தைக்கும் உரிமையாகாது. நாயன்மார் அறுபத்துமூவருள் திருநாளைப்போவாரையும் திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் வைத்து வணங்கும் நெறியினர், அன்னார் குலத்துச் சிறுவன் பலகையில் அமர்தலைத் தடுக்கக் கையெழுத்திட்டது நம் வரலாற்றிற் படிந்த மாசாம்.

இவ்வளவுகோல் அண்மைக்கால வழக்குகட்கும் பொருந்தும். கேரளத்தில் ஒரு தந்தையின் மக்கள் மூவர், தம் சமயக் கொள்கையால் நாட்டுப் பண்ணைப் பாடாது, ஆயினும் மரியாதையுடன் எழுந்து நின்றனர்; அதற்காக 1985இற் பள்ளியினின்றும் நீக்கப்பட்டனர். தந்தை முதலில் உயர் நீதிமன்றத்திற் றோற்றார். 1986ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அச்சிறார் பிறர் பாடுவதைத் தடுத்தாரல்லர். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துப் பெற்றோர் சிலர், தன்பாலீர்ப்பு முதலியவற்றைக் கருவாகக் கொண்ட கதைநூல்கள் வாசிக்கப்படும்போது தம் மக்களை விலக்கிக்கொள்ள இடங்கேட்டனர். முன்பு விலக்கு அளித்த கல்விக் கழகத்தார் பின்னர் அதனை நிறுத்தியதே வழக்கிற்குக் காரணம். 2025ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அறுவர்க்கு மூவர் என்னும் பெரும்பான்மையால், வழக்கு முடியுங்காறும் விலக்கு அளிக்குமாறு பணித்தது. பாடத்துக்குப் பாடம் விலக்குக் கேட்டாற் பள்ளி நடைபெறுவது எங்ஙனம் என்று மறுதலையான நீதிபதிகள் எழுப்பிய ஐயமும் தள்ளத்தக்கதன்று. அப்பெற்றோர் நூல்களைப் பிறர் மக்கள் கையினின்றும் பறிக்கக் கேட்டாரல்லர் என்பது மட்டும் ஈண்டுக் குறிக்கற்பாலது.

ஆதலின், பள்ளியிற் கற்பிப்பது குறித்து ஐயுறும் பெற்றோர்க்கு வரலாறு காட்டும் வழி தெளிவானது. முதலாவது, கேள்விப்பட்டதைக் கொண்டு கொதியாது, பாடநூலைத் தாமே வாங்கிப் படித்தல். இரண்டாவது, அது அறிவித்தலோ, வழிபடச் செய்தலோ எனப் பகுத்தறிதல். மூன்றாவது, ஆசிரியரை நேரிற் கண்டு பணிவுடன் கேட்டு, பின்னரும் குறையிருப்பின் எழுத்தில் விண்ணப்பித்தல். நான்காவது, தம் மகனுக்கு வேண்டுவதை மட்டும் கேட்டல். ஐந்தாவது, பள்ளியில் விலக்கியதற்கு ஈடாக வீட்டில் யாது கற்பிக்கப்போகின்றோம் என்பதற்குத் தாமே விடை கூறுதல். இவ்வைந்தாவதில் வழுவிய பெற்றோரின் விண்ணப்பம் பாதி விண்ணப்பமேயாம். விவிலிய வகுப்பை விலக்கக் கேட்டு, மாலையில் ஒரு திருப்பதிகமும் ஓதுவியாத தந்தை, தன் மகனை ஒரு சமயத்தினின்றும் காத்தானல்லன். எச்சமயமும் இல்லாதவனாக விட்டான்.

மதுரை இதனை அறியாத ஊரன்று. 1889இல் மதுரைக் கல்லூரி நம்மவர் முயற்சியால் அமைந்தது. 1901இற் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். யாழ்ப்பாணத்தில் 1923இற் றோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர்தோறும் சைவப் பள்ளிகளைக் கண்டது. இங்ஙனம் நாமே பள்ளி நடத்தத் தொடங்கியவுடன், விண்ணப்பம் செய்வோர் இருக்கையினின்றும் விண்ணப்பம் பெறுவோர் இருக்கைக்கு மாறினோம். இன்று சைவர் நடத்தும் பள்ளியில் இசுலாமிய மாணாக்கனும் கிறித்துவ மாணாக்கியும் பயில்கின்றனர். அவர்தம் பெற்றோர் ஒருநாள் தலைமையாசிரியர் அறைக்கு வந்து, காலைத் தேவார வழிபாட்டினின்றும் எம் மகளுக்கு விலக்கு அளித்தல் வேண்டும் எனத் தாழ்ந்த குரலிற் கேட்பாராயின், 1846ஆம் ஆண்டில் நம் முன்னோர் எதிர்பார்த்த விடையை நாம் அவர்க்கு அளித்தல் வேண்டும். கேட்டதற்காக அச்சிறுமி ஒரு மதிப்பெண்ணும் இழத்தலாகாது. ஓர் ஏளனச் சொல்லும் கேட்டலாகாது. அன்பினால் வருவதே வழிபாடு. அச்சத்தால் ஓதப்படும் திருமுறை இறைவன் திருச்செவியிற் சேருமோ? நாம் கேட்டுப் பெற்ற நீதியைப் பிறர்க்கும் கேளாமுன்னே அளித்தலே, விண்ணப்பம் செய்து வென்ற முன்னோர்க்கு நாம் செலுத்தும் கைம்மாறாகும்.